அறுபத்தொரு மனு

— கையெழுத்து மட்டும் கேக்காதே, இன்ஸ்பெக்டரே. வேற எது வேணாலும் கேளு.

— வேற எதுவும் எனக்கு வேண்டாம் பெரியவரே. அந்த ஒரு கையெழுத்துதான் வேணும். அஞ்சு மணிக்குள்ள நான் இந்தத் தொகுதி ஆபீஸைக் காலி பண்ணணும். இப்ப மூணு இருபது.

— பண்ணு. உன்னை யாரு பிடிச்சு வச்சா? தோத்தவன் எந்திரிச்சுப் போறான், ஜெயிச்சவன் வந்து உக்கார்றான். ஊரெல்லாம் அப்படித்தான் நடக்குது. இதுல பேப்பர் எங்கேர்ந்து முளைச்சுது?

— எங்க டிபார்ட்மென்ட்ல அப்படிப் போக முடியாது. மாத்தலாகிப் போறவன் ஸ்டேஷன்ல இருக்கிறது எல்லாத்தையும் லிஸ்ட் எழுதி, வர்றவன் கையில ஒப்படைச்சு, கையெழுத்து வாங்கணும். லத்தி எத்தனை, லாக்கப் சாவி எத்தனை, முடியாத கேஸ் எத்தனை. வந்தவன் கையெழுத்துப் போடுற வரைக்கும் போனவன்தான் பொறுப்பு. சார்ஜ் குடுக்கிறதுன்னு அதுக்குப் பேரு.

— நீ போலீஸை விட்டுப் பதினஞ்சு வருஷமாச்சு.

— பதினஞ்சு வருஷம் நாலு மாசம்.

— புத்தி மட்டும் இன்னும் காக்கியிலயே இருக்கு.

— இருக்கட்டும். அந்தப் புத்திக்குத்தான் ஜனங்க மூணு தடவை ஓட்டுப் போட்டாங்க.

— நாலாவது தடவை எனக்குப் போட்டாங்களே.

— நூத்தி எண்பத்தாறு ஓட்டு அதிகமா. பதிவுல இருக்கு, நான் மறுக்கல. முதல்ல உக்காருங்க. அது வேண்டாம், அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். லிஸ்ட்ல ஏழாவது அயிட்டம். 'நாற்காலி பதினொன்று, அதில் ஒன்று பழுது.'

— அதையும் எழுதி வச்சிருக்கியா?

— எழுதலைன்னா நாளைக்கு நீங்க விழுந்துட்டு, இன்ஸ்பெக்டர் அறுத்து வச்சுட்டுப் போயிட்டான்னு சொல்லுவீங்க.

— சொல்லத்தான் சொல்லுவேன். நான் நிக்கிறேன். முப்பது வருஷம் குடோன்ல மூட்டை தூக்குனவனுக்கு நிக்கிறது ஒரு வேலையா?

— டீ சொல்லட்டுமா?

— வெளியில குடிச்சுட்டுத்தான் வந்தேன்.

— எதுவும் கலந்து குடுத்துட மாட்டேன்.

— கலப்பேன்னு சொன்னேனா? கலக்கமாட்டேன்னும் எனக்குத் தெரியாதில்ல.

— அது நியாயம். கையில என்ன அது, பேப்பர் சுத்தி?

— பூட்டு. புதுசு. பழைய பூட்டுக்குச் சாவி எத்தனை பேர் இடுப்புல இருக்கோ.

— ரெண்டு சாவி. ரெண்டும் இதோ மேஜை மேல இருக்கு. லிஸ்ட்ல மூணாவது அயிட்டம்.

— நீ சொல்றே. நான் பூட்டை மாத்திக்கிறேன். அது கெடக்கட்டும், அந்த மூலையில என்ன அடுக்கி வச்சிருக்கே, கல்லறை மாதிரி?

— பதிவேடு. பதினாலு புத்தகம். இந்த ஆபீஸ்ல யாரு என்ன மனு குடுத்தாலும் அதுல ஏறும். நம்பர், தேதி, வந்த நேரம், என்ன கேட்டாங்க, யாருக்கு அனுப்பினேன், என்ன பதில் வந்துச்சு. மனு குடுத்தவங்க கையில நம்பர் போட்டு ஒரு ரசீது. பதினஞ்சு வருஷத்துல ஒம்பதாயிரத்து நானூத்திப் பதினெட்டு மனு. அதுல ஒம்பதாயிரத்து முந்நூத்தி அம்பத்தேழு முடிச்சாச்சு. முடியாதது முடியாதுன்னு எழுதிக் குடுத்தாச்சு. பாக்கி அறுபத்தொண்ணு. இந்த நீலக் கட்டு. அதுக்குத்தான் உங்க கையெழுத்து.

— ரசீது வாங்கிட்டுப் போனவனெல்லாம் எனக்கு ஓட்டுப் போட்டான். தெரியுமா உனக்கு?

— தெரியும். வேலை முடிஞ்சவன் ரசீதைத் தூரப் போட்டுருவான். முடியாதவன்தான் பத்திரமா வச்சிருப்பான். தேர்தல் அன்னைக்கு அதை எடுத்துப் பார்ப்பான்.

— அப்ப எதுக்குக் குடுத்தே?

— நான் முதல் தடவை ஜெயிச்சு இந்த ஆபீஸுக்கு வந்தப்ப எப்படி இருந்துச்சுன்னு சொல்லவா? முன்னாடி இருந்த எம்.எல்.ஏ. ஃபேனைக்கூடக் கழட்டிட்டுப் போயிட்டார். மேல கொக்கி மட்டும் தொங்குது. பின்கட்டுல ஒரு சாக்கு. பிரிச்சா, பூராவும் மனு. கரையான் தின்னது போக மிச்சம். ஒரு பேப்பர்ல கீழ்ப்பாதிதான் இருக்கு. 'தயவுசெய்து சீக்கிரம், குழந்தைக்கு மூச்சு முட்டுகிறது' அப்படின்னு. யார் பேரும் இல்ல, தெருவும் இல்ல. எந்தக் குழந்தை, எந்த வீடு, ஒண்ணும் தெரியல. மூணு வாரம் தேடினேன். அகப்படல. அன்னைக்கு முடிவு பண்ணினேன். நான் போறப்ப எனக்கப்புறம் வர்றவனுக்கு சாக்கை விட்டுட்டுப் போகமாட்டேன்னு.

— நல்லாத்தான் பேசற. மேடையில இப்படிப் பேசியிருந்தா ஜெயிச்சிருப்பே.

— மேடைன்னா எனக்கு உதறல். உங்களுக்குத் தெரியாததா.

— தெரியும், தெரியும். மொத எலெக்ஷன்ல நீ ஓட்டுக் கேட்டு எங்க தெருவுக்கு வந்தியே. கும்பிடுன்னு பக்கத்துல இருந்தவன் சொல்றான். உன் கை நேரா நெத்திக்குப் போகுது. எங்க தெரு நாய்க்குக்கூட சல்யூட் அடிச்சே. பொம்பளைங்க சிரிச்சுச் சிரிச்சு உனக்கே குத்திட்டாளுங்க.

— அதுவும் பதிவுல இருக்கு. உங்க தெருவுல மட்டும் எழுபது ஓட்டு.

— என் வீட்டுக்காரி ஓட்டும் அதுல ஒண்ணு. ஒரு மாசம் அவகூடப் பேசல நான்.

— நான் அரசியலுக்கு வரணும்னு வந்தவன் இல்ல பெரியவரே. மந்திரியோட மச்சான் ஒரு தையல்கார அம்மா கடையை லாரி விட்டு இடிச்சுட்டான். அவங்க நேரா என் ஸ்டேஷனுக்கு வந்தாங்க. மேலேர்ந்து போன். புகார் வாங்காதே, சமாதானம் பேசி அனுப்புன்னு. நான் அந்த அம்மாவை உக்கார வச்சு, சொன்னதை எழுதி, வாசிச்சுக் காட்டி, நம்பர் போட்டு ரசீது குடுத்தேன். பதினொன்னே கால் மணிக்கு. சாயங்காலம் மாத்தல் ஆர்டர் வந்துடுச்சு. பதினேழாவது மாத்தல். அதுவரைக்கும் வந்த ஆர்டருக்கெல்லாம் மூட்டை கட்டினவன் நான். அன்னைக்கு எம் பொண்டாட்டி பெட்டியை எடுத்து வச்சா. திரும்பப் பரண்ல போடுன்னேன். மறுநாள் காலையில ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வெளியில வர்றேன், வாசல்ல அந்தத் தையல்கார அம்மா, பின்னால ஒரு தெருவே நிக்குது. நீ எலெக்ஷன்ல நில்லு, மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்னாங்க.

— அந்த அம்மா இந்தத் தடவை எனக்குப் போட்டுச்சு.

— தெரியும். என்கிட்ட வந்து சொல்லிட்டுத்தான் போட்டாங்க. நீங்க அவங்க தெருவுக்குப் பஸ் விடுறேன்னீங்களாம்.

— விடுவேன்.

— விடுங்க. பதினஞ்சு வருஷமா என்னால முடியாத ஒண்ணு அது. நீலக் கட்டுல பதினாறாம் நம்பர்.

— உனக்கு வருத்தமே இல்லையா? ஓட்டு எண்ணுற இடத்துல பார்த்தேன். உன் கட்சிக்காரனெல்லாம் தலையில கை வச்சு உக்காந்துட்டான். நீ வந்து என் கையைப் பிடிச்சு, எண்ணிக்கை ஷீட்டுல பத்தாவது ரவுண்டு சரியா இருக்கான்னு பார்த்துக்குங்கன்னே. அப்பவே நெனச்சேன், இவன் ஏதோ பொறி வைக்கிறான்னு.

— வருத்தம் இருக்கு. ஏன் இல்லாம? ஆனா தலையைத் தொங்கப்போடுற மாதிரி நான் ஒண்ணும் பண்ணல. பதினஞ்சு வருஷத்துல சபைக்கு நான் போகாத நாள் நாலு. மூணு நாள் ஆஸ்பத்திரி, ஒரு நாள் எங்கம்மா போயிட்டாங்க. ஆயிரத்து நூறு கேள்வி கேட்டிருக்கேன். மந்திரி எந்திரிச்சு, விரைவில் ஆவன செய்யப்படும்னு சொன்னா, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த அதிகாரின்னு கேப்பேன். சபை சிரிக்கும். சிரிச்சு முடிக்கிற வரைக்கும் நின்னுட்டு, மறுபடியும் தேதி கேப்பேன். பெரிய ஆஸ்பத்திரியில ராத்திரி டாக்டர் வந்தது அப்படித்தான். ஆத்துப்பாலம் வந்தது அப்படித்தான். என் பேரு அந்தக் கல்வெட்டுல கிடையாது. தேதி இருக்கு. அந்தத் தேதி என்னோடது.

— டிவியில பார்ப்போம். குடோன்ல எல்லாரும் உக்காந்து பார்ப்போம். 'ஏட்டு எந்திரிச்சுட்டாரு, இனி மந்திரி முழிப்பாரு'ன்னு.

— ஏட்டா?

— உனக்கு குடோன்ல அதான் பேரு. மரியாதையில்லாம வச்ச பேருதான். அப்புறம் அதுவே மரியாதையாப் போச்சு. நான் ஒத்துக்கல. மத்தவனுங்க ஒத்துக்கிட்டானுங்க.

— சரி. அப்ப கையெழுத்துப் போடலாமே.

— நீ எழுதுன பேப்பர்ல நான் போடமாட்டேன். யார் எழுதுனதுலயும் போடுவேன், நீ எழுதுனதுல போடமாட்டேன். ஏன்னு உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ரெண்டு பேரும் நாற்காலி, பூட்டுன்னு பேசிட்டு நிக்கிறோம்.

— சரி, அதையே பேசுவோம்.

— பேசு.

— முப்பத்தோரு வருஷம். நான் அப்ப சப்-இன்ஸ்பெக்டர். வயசு இருபத்தொம்பது. மீசை முளைச்ச அளவுக்கு புத்தி முளைக்கல. குடோன்ல நாப்பது நாளா ஸ்டிரைக். நீங்கதான் தலைவர். ரெண்டு மூட்டை சர்க்கரை காணோம்னு குடோன் கிளார்க் புகார் குடுத்தான். மேலேர்ந்து சொன்னாங்க, தலைவனைத் தூக்கு, ஸ்டிரைக் தானா முடிஞ்சுடும்னு. தூக்கினேன்.

— நிறுத்தாதே. மிச்சத்தையும் சொல்லு. நீ சொல்லி நான் கேட்டதில்ல.

— உள்ள கூட்டிட்டு வந்தேன். அடிக்கல.

— அடிக்கல. அதை நானும் எங்கேயும் மாத்திச் சொன்னதில்ல. 'கையை நீட்டுடா'ன்னே. மைப்பெட்டியில என் கட்டைவிரலை அமுக்குனே. வெள்ளைப் பேப்பர். ஒரு எழுத்து கிடையாது. அதுல மூணு எடத்துல உருட்டுனே. வேற ஒரு பேச்சில்ல. என்னை உள்ள தள்ளிட்டு நீ உக்காந்து எழுத ஆரம்பிச்சே. கம்பி வழியாப் பார்த்துட்டே இருந்தேன். அழகா எழுதுனே. அடித்தல் திருத்தல் இல்லாம.

— திருடினேன்னு நீங்களே சொன்ன மாதிரி, உங்க வாக்குமூலமா நான் எழுதினேன். படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டார்னு கீழே ஒரு வரியும் எழுதினேன்.

— மூணு மாசம். ஸ்டிரைக் ரெண்டே நாள்ல முடிஞ்சுது. கோர்ட்டுல ஜட்ஜ் கேட்டாரு, இது உன் கைநாட்டுதானேன்னு. ஆமாங்கன்னேன். பொய்யா சொல்லமுடியும்? ஜெயில்லதான் என் பேரை எழுதக் கத்துக்கிட்டேன். இனிமே எவனும் என் விரலைப் பிடிச்சு உருட்டக் கூடாதுன்னு. வேற எதுவும் எழுத வராது. பேரு மட்டும் நல்லா வரும்.

— ரெண்டு வருஷம் கழிச்சு அதே கிளார்க் லாரியோட பிடிபட்டான். வருஷக்கணக்கா சரக்கு கடத்திட்டிருந்திருக்கான். அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது.

— பெரிய திருடன் அவன்.

— உங்க வீட்டுத் தெரு முனை வரைக்கும் வந்தேன். ஒரு தடவை இல்ல, நாலஞ்சு தடவை. உள்ள வரக் கால் வரல.

— நீ வந்ததைப் பார்த்திருக்கேன். வேவு பார்க்க வந்தேன்னு நெனச்சேன்.

— அதுக்கப்புறம் என் ஸ்டேஷன்ல எழுதாத பேப்பர்ல யாரும் விரல் வச்சதில்ல. ஆனா என் ஸ்டேஷன் ஒண்ணுதானே. அதனாலதான் சபையில அந்த மசோதா. எழுதாத காகிதத்துல யார்கிட்டயும் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கக் கூடாது. எழுதினதை அவங்களுக்குப் புரியற பேச்சுல வாசிச்சுக் காட்டணும். வாங்கின அதிகாரிக்கு வேலை போயிடும். ரெண்டு தடவை தோத்துது. எங்க கட்சியே எதிர்த்து ஓட்டுப் போட்டுச்சு. தலைவர் கூப்பிட்டு, மந்திரி ஆக்குறேன், இதை விட்டுடுன்னார். காரு, பங்களா, எல்லாம் சொன்னார். எனக்கு இது ஒண்ணு போதுங்கன்னேன். மூணாவது தடவை ரெண்டே ரெண்டு ஓட்டுல ஜெயிச்சுது. இன்னைக்கு எல்லா ஸ்டேஷன் சுவர்லயும் அதை எழுதி ஒட்டியிருக்கான். நான் செத்தா என் மேல மாலை விழுதோ இல்லையோ, அந்தப் பேப்பர் சுவர்ல இருக்கும்.

— யாரை நெனச்சுக் கொண்டுவந்தே?

— உங்களைத்தான்.

— ஊருக்கெல்லாம் தெரியணுமே அது. நீ எங்கேயும் சொல்லலையே.

— சொன்னா உங்களை வச்சு ஓட்டு வாங்கின மாதிரி ஆயிடும். நீங்க என்னை எதிர்த்து நாலு தடவை நின்னீங்க. ஒவ்வொரு தெருமுனையிலயும் வெள்ளைப் பேப்பரைத் தூக்கிக் காட்டினீங்க. ஒரு தடவைகூட நான் பதில் பேசல. பேச என்கிட்ட என்ன இருக்கு?

— உன் பையில வெள்ளைப் பேப்பர் இருக்கா?

— இருக்கு.

— ஒண்ணு எடு. மேஜை மேல வை. கீழ, மூலையில உன் கையெழுத்தைப் போடு.

— பெரியவரே, இது என் சட்டப்படியே குத்தம்.

— போலீஸுக்குத்தானே குத்தம். நான் போலீஸா? என் கையெழுத்து வேணும்னா உன் கையெழுத்து மொதல்ல. அன்னைக்கு என்கிட்ட வாங்குன மாதிரி. நான் என்ன வேணா எழுதிக்குவேன். பொய்க்கேஸ் போட்டேன்னு நீயே ஒப்புக்கிட்ட மாதிரி எழுதுவேன். உன் பென்ஷன் போகும். சட்டம் கொண்டுவந்தவரே இவர்தான்னு பேப்பர்க்காரன் சிரிப்பான். பேரனைப் பள்ளிக்கூடத்துல விடப் போனா நாலு பேர் திரும்பிப் பார்ப்பான். பதினஞ்சு வருஷம்னு நீ எண்ணி எண்ணிச் சொல்றியே, அது அத்தனையும் போகும்.

— போகும்.

— நான் விளையாடல.

— நீங்க விளையாடமாட்டீங்கன்னு தெரியும். பேனா கொஞ்சம் தள்ளுங்க. இங்கதானே? தேதி போடட்டுமா?

— போடாதே. நீ அன்னைக்குத் தேதி போடவிட்டியா?

— இந்தாங்க.

— என்ன எழுதப்போறேன்னு கேக்கலையே நீ.

— அன்னைக்கு நீங்க கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனா? இந்த அறுபத்தொண்ணும் குப்பைக்குப் போகாம இருந்தாப் போதும். நாளைக்கு எவனாவது இந்த ஆபீஸுக்கு ரசீதைத் தூக்கிட்டு வந்தா, அவன் நம்பர் இங்க இருக்கணும்.

— ம். மடிச்சு சட்டைப் பையில வச்சுட்டேன். பார்த்துக்கிட்டியா?

— பார்த்தேன்.

— இப்ப வாசி. அறுபத்தொண்ணையும் வாசி. ஒண்ணு தாவினாலும் கண்டுபிடிச்சுடுவேன்.

— உங்க ஆளுங்க வெளிய நிக்கிறாங்களே, அவங்கள்ல ஒருத்தரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்க. உங்களுக்கு நம்பிக்கையா இருக்கும்.

— அவனுங்களை உன்னைவிட நம்பமாட்டேன். நீயே வாசி.

— ஒண்ணு. பஸ் டிரைவரோட சம்சாரம். புருஷன் போய் எட்டு மாசம், பென்ஷன் வரல. ஃபைல் டெப்போவுல இருக்குன்னு தலைமை ஆபீஸும், தலைமை ஆபீஸ்ல இருக்குன்னு டெப்போவும் சொல்றாங்க. நாலு தடவை எழுதியிருக்கேன்.

— எழுதுனா வராது. ரெண்டு எடத்து கிளார்க்கையும் ஒரே நாள்ல ஒரே ரூம்ல உக்கார வைக்கணும். ரெண்டு பேரும் ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பார்த்துட்டுப் பொய் சொல்லமாட்டான். அடுத்தது.

— இருங்க, அதை ஓரத்துல குறிச்சுக்கறேன். ரெண்டு. பெண்கள் ஹாஸ்டல் சந்து. விளக்கு மூணு தடவை போட்டாச்சு, மூணு தடவையும் கல்லால அடிச்சுட்டாங்க.

— லைட்டுக்குக் கம்பிக்கூண்டு போடணும். குடோன்ல நாங்க அப்படித்தான் போட்டோம், மூட்டை இடிச்சு உடையாம இருக்க. பதினஞ்சு வருஷமா இதைக்கூட யாரும் சொல்லலையா உனக்கு?

— சொல்லல. நீங்க வந்து சொல்லியிருக்கலாம்.

— உன் வாசப்படி மிதிப்பேனா நான்? அடுத்தது.

— மூணு. பெரிய ஆஸ்பத்திரி. ஸ்ட்ரெச்சர் தள்ள ஆளில்ல, நோயாளியோட வந்த பொம்பளைங்களே தள்ளுறாங்க.

— ஆளா இல்ல? இருக்கான். கேன்டீன்ல இருக்கான். நான் போய் நிக்கிறேன் ரெண்டு நாள். அடுத்தது.

— இப்படியே போனா அஞ்சு மணிக்கு முடியாது.

— முடியலைன்னா ஆறு மணிக்கு முடியட்டும். ஜெயிச்சவன் நான். நான் சொல்றேன், உக்காருன்னு. நானும் உக்கார்றேன். நகத்து அந்த நாற்காலியை. ஆடுற காலை நான் முட்டியால பிடிச்சுக்கிறேன்.

— நாப்பதாம் நம்பர் வந்தாச்சு. களைப்பா இருந்தா...

— வாசி.

— கடைத்தெரு வியாபாரிங்க, தேர்தலுக்கு மூணு வாரம் முன்னாடி குடுத்தது. சுமைதூக்குற சங்கத்துக்காரங்க தள்ளுவண்டியை வழியில நிறுத்துறாங்க, ஆம்புலன்ஸ் போகமுடியல.

— அது என் சங்கம்.

— ஆமா.

— மூணு வாரம் முன்னாடியே உன் கையில இருந்திருக்கு. இதை நீ மேடையில எடுத்துக் காட்டியிருந்தா கடைத்தெரு பூரா உனக்குத்தான் விழுந்திருக்கும். நூத்தி எண்பத்தாறு என்ன, ஆயிரம் விழுந்திருக்கும்.

— மனு குடுத்தவங்க என்னை நம்பிக் குடுத்தாங்க. போஸ்டர் அடிக்கக் குடுக்கல.

— நிஜம்தான் அது. அங்கதான் நிறுத்துறானுங்க. நான் பார்த்துக்கறேன். மேல வாசி.

— அறுபத்தொண்ணு. இதான் கடைசி. சுடுகாட்டுப் பாதையில கைப்பிடிச் சுவர்.

— சரி. பேனாவைக் குடு. எந்த எடம்?

— இங்க. ஒவ்வொரு பக்கத்துக் கீழயும் ஒண்ணு. ஏழு பக்கம்.

— என் பேரு கொஞ்சம் நீளம். மெதுவாத்தான் வரும். அவசரப்படுத்தாதே.

— எத்தனை நேரம் வேணும்னாலும் எடுத்துக்குங்க. நல்லா இருக்கு பெரியவரே உங்க எழுத்து. என்னோடதைவிட நேரா இருக்கு.

— மூணு மாசம் அதைத்தானே எழுதிட்டிருந்தேன். முடிஞ்சுதா? எண்ணிக்கோ, ஏழு. இப்ப நீ பொறுப்பில்ல, நான் பொறுப்பு. அப்படித்தானே உங்க டிபார்ட்மென்ட் கணக்கு?

— அப்படித்தான். இப்ப எழுந்து ஒரு சல்யூட் அடிப்போம். வர்றவருக்கு அடிக்கிறது வழக்கம். உங்களுக்குப் பிடிக்காதுன்னா விட்டுடறேன்.

— அடி. வேண்டாம்னு சொல்லல. ம். நாய்க்கு அடிச்சதைவிட நல்லா அடிக்கிற. இந்தா, இதைப் பிடி.

— என்னது? என் பேப்பர். நீங்க ஒண்ணும் எழுதலையே.

— எனக்கு எழுதத் தெரியாது. வேற எவனையாவது வச்சு எழுதுனா, அவன் என்ன எழுதுனான்னு எனக்குத் தெரியாது. நீயே வச்சுக்கோ.

— பெரியவரே, நான் ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். முப்பத்தோரு வருஷமா சொல்லணும்னு இருந்தது. செய்யாத குத்தத்துக்கு உங்களை மூணு மாசம் உள்ள வச்சதுக்கு...

— அந்த வார்த்தையைச் சொல்லாதே.

— எந்த வார்த்தையை?

— செய்யாத குத்தம்னு சொன்னியே, அதை.

— உங்க கட்சிப் போஸ்டர்லயே அதுதானே போட்டிருந்துச்சு.

— போஸ்டர் அடிச்சவன் அவனுங்க. நான் எந்த மேடையிலயாவது அதைச் சொன்னேனா? நீதான் எல்லாத்தையும் பதிவு பண்றவனாச்சே. யோசிச்சுப் பாரு.

— இல்ல. வெள்ளைப் பேப்பர்ல கைநாட்டு வாங்கினான்னு சொன்னீங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை சொன்னதில்ல. நாலு தேர்தல்லயும்.

— கதவைச் சாத்து. அவனுங்க காதுல விழவேண்டாம். உன்கிட்ட மட்டும் சொல்றேன்.

— சாத்திட்டேன். சொல்லுங்க.

— அந்த ரெண்டு சர்க்கரை மூட்டையையும் நான்தான் எடுத்தேன், தம்பி. எடுத்தியான்னு நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா, ஆமான்னு அன்னைக்கே சொல்லியிருப்பேன்.